சனிக்கிழமை நீலம்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் உடல் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டின வாழைமரத்தைக்கூட அவிழ்க்காமல் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். எடை மெஷினில் நான் ஏறியதும் முள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து, பின்னால் நின்ற ரிடையர்டு தாசில்தார், "ஒருத்தர் ஒருத்தரா ஏறச் சொல்லியிருக்காங்க" என்றார். முப்பது வருஷம் ஊராரிடம் வயிற்றைக் குறையுங்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்கினவன் நான். எனக்கு அது தேவைதான்.

அடுத்த மேஜையில் ஒரு பெண் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டைக் காகிதத்தில் தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் இந்தத் தொழிலில் இருந்தவன்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் சர்க்கரை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீலக் கரைசல் என்று விவரித்தேன். விறகடுப்பில் சமைத்த கதையைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, "அதுல தப்பா வராதா சார்?" என்றாள்.

"கரைசல் தப்பு பண்ணாதும்மா. நான் பண்ணுவேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். நான் உண்மையைச் சொல்லி, அது ஜோக்காகப் போவது எனக்குப் பழக்கம். இந்த ஒன்றையாவது உண்மையாகவே எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கார்வேட்டிநகரத்துக்காரன். பள்ளிக்கூடம் முடித்து, கம்பவுண்டர் படிப்பு படித்து, மருந்து கலக்கக் கற்று, இரண்டு மூன்று ஊர் சுற்றி, ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த பிறகு சித்தூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன். பேரைச் சொல்ல வேண்டாம். இப்போது அந்தக் கட்டடத்தில் டயர் விற்கிறார்கள். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும்தான். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது, சிறுநீர் சோதிப்பது எல்லாம் நானே. சந்தையில் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களை நான் திருத்தியதில்லை.

சிறுநீர் சோதனையில் எனக்குத் தனி கர்வம். குழாயில் ஐந்து மில்லி நீலக் கரைசல். அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு, ஒன்பதாவது கூடாது. குழாயை இடுக்கியில் பிடித்து, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சுடரில் காட்டி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுவதை நிறுத்தினால் கொதித்துச் சுவரில் பீய்ச்சும். எங்கள் சுவரில் என் ஆரம்ப கால நீலப் புள்ளிகள் கடைசிவரை இருந்தன. இரண்டு நிமிஷம் கொதித்ததும் தாங்கியில் வைத்து ஆறவிட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போகும். செங்கல் நிறம் வந்தால் கடைசிப் படி. கொதிக்கிற சத்தத்தை வைத்தே நிறத்தைச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். பெரும்பாலான ஆட்களுக்கு நீலம்தான் வரும் என்பதால் அந்தக் கணிப்பு பலித்துக்கொண்டிருந்தது.

அப்போது எங்களுக்கு வந்த டாக்டர் சேஷகிரி ராவ். கோதாவரிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். மீசை சரியாக வளராததால் அதை எடுத்தேவிட்டவர். முதல் நாள் அவரைப் பார்த்து, பேஷண்ட் என்று நினைத்து வரிசையில் உட்காரச் சொன்னவன் நான். அவரும் உட்கார்ந்தார். முறை வந்தபோதுதான் தான் யார் என்று சொன்னார்.

யாரைத் தொடுவதற்கு முன்னாலும் அனுமதி கேட்பார். முக்காலியை எடுத்துவிட்டு, பேஷண்ட்டுக்கு முதுகு சாய்கிற நாற்காலி போடச் சொன்னார். நாடி பார்ப்பதற்கு முன்னால், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால், "நின்ன செப்பண்டி" என்பார். நேற்றைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். எழுந்தது முதல் படுத்தது வரை, சாப்பிட்டது, நடந்தது, கோபப்பட்டது எல்லாம் சொல்ல வேண்டும். வியாதியைக் கேட்டால் ஜனங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பேரைச் சொல்வார்கள், நேற்றைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. இன்னொரு விதியும் வைத்திருந்தார். எதை யார் கண்ணால் பார்த்தார்களோ அவர்களே நோயாளியின் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிறுநீரின் நிறம் முழுக்க என் கையெழுத்தில்தான் இருக்கும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

எத்திராஜ் என்ற குமாஸ்தா எங்களிடம் வந்தது எல்லை பிரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்த சமயம். திருத்தணி அந்தப் பக்கம் போவது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருவது என்று பேச்சு முடிந்து, காகிதங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. சத்தியவேட்டுக் கிராமங்களின் நிலப் பதிவேடு எல்லாம் தமிழில் இருந்தது. அதைத் தெலுங்கில் எழுத வேண்டும். கலெக்டர் ஆபீஸில் இரண்டு மொழியும் வாசிக்க எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் மறுபேச்சுப் பேசாதவர் இவர் ஒருவர். அதனால் எல்லாக் காகிதக் கட்டும் இவர் மேஜைக்கே வந்தது. புத்தூர் பக்கத்துத் தமிழர், வயது நாற்பத்தாறு, கல்யாணத்துக்குத் தயாராக இரண்டு பெண்கள். நெற்றியில் எப்போதும் பளிச்சென்று நாமம்.

டாக்டர் நேற்றைக் கேட்டதும் அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"நேத்து ரெண்டு ஏரி, ஒரு சுடுகாடு, பதினேழு கெணறு ஆந்திராவுக்குக் கொண்டாந்தேன் சார். ஒரு மலை மட்டும் பாக்கி. அதுக்குள்ள இருட்டிப் போச்சு."

டாக்டர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சாப்பாட்டைக் கேட்டார். காலையில் நாலரைக்கு எழுந்து ஒரு கட்டு எழுதிவிட்டு இட்லி. எட்டுக்கு ஆபீஸ். மதியம் சோறு, எழுதிக்கொண்டே. டீ ஏழு டம்ளர். தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது, ஆபீஸ் பானை தனக்காகவே இரண்டாவது முறை நிரப்பப்படுகிறது என்றார். ராத்திரி வீட்டிலும் வேலை. படுத்தால் மூன்று நாலு முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. உடம்பெல்லாம் அசதி. ஆறு மாதமாக இப்படி.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். பாதரசம் கொஞ்சம் அதிகமாகத்தான் ஏறி நின்றது. எடை பார்த்தார். கண்ணைப் பார்த்தார். நோட்டில் தண்ணீர் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். சர்க்கரை என்று அவருக்கு முதல் நாளே சந்தேகம். நான் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்படியானால் வேலைதான் வியாதி என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார். டீயை மூன்றாக்கச் சொன்னார். வீட்டுக்குக் கட்டு கொண்டுபோகக் கூடாது. தினம் அரைமணி நடக்க வேண்டும். வாரம் தவறாமல் வந்து எடையும் அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்திராஜுக்கு ஆபீஸில் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் விடுவார்கள்; அன்றைக்கு வந்ததும் அப்படித்தான். ஆகவே சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவது என்று ஏற்பாடு.

வந்தார். மனிதர் சொன்னதையெல்லாம் செய்தார். நடப்பதற்கு நேரமில்லை என்பதால் பதிவேட்டு அறையில் அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அங்கிருந்த பியூன், இவருக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றானாம். டீ மூன்றாகக் குறைந்தது. வாரா வாரம் நீலம். எடையும் குறைந்துகொண்டே வந்தது. "பாத்தீங்களா, ஆள் சின்ன வயசுக்காரர் மாதிரி ஆயிட்டீங்க" என்று நான் அவர் தோளைத் தட்டினேன். தோள் எலும்பு கையில் தட்டுப்பட்டது. அதையும் நடையின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் மட்டும் எடை எழுதின பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். "ப்ளூவே காதா?" என்று என்னைக் கேட்பார். நீலம்தான் சார், சுத்த நீலம் என்பேன்.

ஒரு புதன்கிழமை காலையில் எத்திராஜின் மனைவி மங்கம்மா ஒரு பாட்டிலோடு வந்தாள். மறுநாள் அவர் கட்டுகளோடு சத்தியவேடு கேம்புக்குப் போகிறார், பத்து நாள் ஆகும், வாரம் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இதைக் கொடுத்தனுப்பினார் என்றாள். டாக்டர் அன்றைக்கு ஊரில் இல்லை. நான் சோதித்தேன்.

முதல் கொதியிலேயே பச்சை. மஞ்சளில் நிற்கவே இல்லை. இரண்டு நிமிஷத்தில் குழாய் முழுக்கச் செங்கல்.

"எந்தப் பாட்டில்மா இது?"

"நன்னாரி பாட்டிலுண்ணா. ஊட்ல வேற இல்ல. கழுவிட்டுதான் கொண்டாந்தேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்னாரி சர்பத். பாகு. அதுதான் விஷயம். "கழுவின லட்சணம் தெரியுது. உன் ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. உன் பாட்டிலுக்குத்தான் சக்கர வியாதி" என்றேன்.

அவள் சிரித்தாள். மருந்துக்குக் காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று எனக்கே தோன்றி, சாயங்காலம் வீட்டிலும் ஒரு முறை சொன்னேன். நோட்டில் எழுதவில்லை. சர்பத் பாட்டிலின் சர்க்கரையை எழுதி வைத்தால் டாக்டர் என்ன நினைப்பார்? அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எத்திராஜ் நேரில் வந்தார். நீலம். என் மனசில் இருந்த துளி சந்தேகமும் போயிற்று.

எல்லை வேலை ஒருவழியாக முடிந்தது. கடைசி மலையும் ஆந்திராவுக்கு வந்து சேர்ந்ததும் எத்திராஜ் லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய், அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு திருமலைக்கு ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தார். நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வலது காலில் துணி சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். மங்கம்மாவும் கூட வந்தாள்.

துணியைப் பிரித்தேன். சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், எட்டணா அளவுக்குப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் குழி. விரல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கொப்புளம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை, வீட்டுத் தரையில் ஈரத்தடத்தைப் பார்த்து மங்கம்மாதான் கண்டுபிடித்தாள் என்றார். வலிக்கிறதா என்றேன். அதுதான் அதிசயம், வலியே இல்லை என்றார் சந்தோஷமாக.

டாக்டர் வந்து, அனுமதி கேட்டு, தரையில் உட்கார்ந்து காலை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை நூலாகத் திரித்துப் பாதத்தில் தொட்டார். தொட்டதும் சொல்லுங்கள் என்றார். எத்திராஜ் கண்ணை மூடியபடி காத்திருந்தார். டாக்டர் தொட்டுக்கொண்டே இருந்தார். குண்டூசி நுனியால் தொட்டார். கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான், "ஆங், இப்பத்தான் சார்" என்று குரல் வந்தது. டாக்டர் எழுந்தார். எத்திராஜின் காது மடலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முழங்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து, உள்ளே ஓடும் நரம்பை மெதுவாக உருட்டிப் பார்த்தார்.

அந்த இடத்தைத் தொட்டால் என்ன தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது ரொம்பப் பேருக்குத் தெரியும். மங்கம்மா சுவரில் சாய்ந்து நின்றாள்.

சிறுநீர் சோதித்தேன். அடியில் லேசாகப் பச்சை படிந்தது போலிருந்தது. மற்றபடி நீலம்.

இருவரையும் வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். ஆறாத புண், உணர்ச்சி இல்லாத கால். சர்க்கரை இருந்தால் அதற்கே பொருந்தும். ஆனால் இத்தனை மாதமாக இல்லை. நரம்பு தடித்திருப்பதாக நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் குஷ்டம் பார்க்கிற பெருவியாதி கிளினிக்குக்குத் திங்கட்கிழமை சீட்டு எழுதுகிறேன், அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றார். அந்தக் கிளினிக்கின் வரிசை தெருவிலேயே நிற்கும். கலெக்டர் ஆபீஸ் போகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். எத்திராஜ் ஒரு முறை அந்த வரிசையில் நின்றால் போதும். வியாதி இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் இரண்டு பெண்கள்.

நான் மருந்து மேஜையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு முறை துடைத்தேன். சர்பத் பாட்டில்தானே, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எப்போதும் எனக்குச் சிரிப்புக் காட்டுகிற அந்த ஜோக் அன்றைக்குக் காட்டவில்லை.

"சார், ஒரு தடவை சிவப்பு வந்துது" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். எப்போது, யார் கொண்டு வந்தது, எந்தப் பாட்டில் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. எதிரே சோடாக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கி வாருங்கள், தண்ணீர் கலக்காமல் என்றார்.

வாங்கி வந்தேன். அவரே புதுக் குழாயில் நீலக் கரைசல் ஊற்றினார். சர்பத்தை எட்டுச் சொட்டு விட்டு என் கையில் கொடுத்தார். நான் சுடரில் காட்டி ஆட்டினேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஓரத்தில் கொஞ்சம் பச்சை தட்டியது. அவ்வளவுதான். மூன்றாவது நிமிஷமும் ஆட்டினேன். குழாய் நீலமாகவே நின்றது.

கரும்புச் சர்க்கரை இந்தக் கரைசலை மாற்றாது. சிறுநீரில் வருகிற சர்க்கரை வேறு, அதுதான் மாற்றும். கம்பவுண்டர் படிப்பில் முதல் மாதப் பாடம் இது. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்து நான் சரியாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். முழு சர்பத்தே செய்ய முடியாததை, கழுவின பாட்டிலின் மிச்சம் செய்துவிட்டது என்று நம்பினேன்.

டாக்டர் நோட்டைப் பிரித்து, என் கையெழுத்துகளின் பக்கத்தில் இருந்த தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"எத்திராஜ் காரு, ஈ ரோஜு என்ன சாப்ட்டீங்க?"

"இன்னைக்கா?" எத்திராஜ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னைக்கு சனிக்கிழமை சார்."

அவரைப் பொறுத்தவரை அது முழுப் பதில். சின்னப் பெண் இரண்டு வயதில் ஜுரத்தில் கிடந்தபோது பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை ஒருபொழுது. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் விளக்கு வைக்கிறவரை துளசித் தண்ணீர் மட்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படி. என் வீட்டிலேயே உண்டு. நான் மட்டும் வயிற்றை உத்தேசித்துப் பெருமாளிடம் மன்னிப்பு வாங்கியிருந்தேன். வாரா வாரம் நாமம் போட்டுக்கொண்டு, உதடு காய்ந்து, பதினெட்டு மணி நேரப் பட்டினியோடு என் எதிரில் வந்து நின்றவரிடம், ஒரு வாரம்கூட அது எனக்குத் தோன்றவில்லை. வெறும் வயிற்றில் அவருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. சாப்பிட்ட நாளில் ஏறுகிறது. சனிக்கிழமை டாக்டர் கேட்ட நேற்று, வெள்ளிக்கிழமை. அதில் இட்லியும் சோறும் டீயும் நிறைய இருந்தன.

டாக்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை என் பக்கம் திருப்பி, புதன்கிழமையை எழுதச் சொன்னார். இரண்டு சனிக்கிழமைக்கு நடுவில் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், செங்கல் நிறம், பார்த்தும் எழுதவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டை வாங்கி அதற்குக் கீழே, தெலுங்கில், நேற்றைக் கேட்டேன், இன்றைக் கேட்கவில்லை என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். திங்கட்கிழமைச் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எத்திராஜிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். எட்டு இட்லி என்றார் எத்திராஜ், கேட்பதற்கு முன்னாலேயே. நாலு பேரும் விளக்கைச் சுற்றி நின்றோம். பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதருக்குச் செங்கல் நிறம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். வந்தது.

"இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார் எத்திராஜ்.

"சர்க்கர" என்றார் டாக்டர்.

மங்கம்மா தன் முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "அப்ப அது?"

"அது லேதும்மா. இது சர்க்கர."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைதானா, சர்க்கரைதானா என்று இரண்டு முறை கேட்டாள். சர்க்கரை வியாதி என்று கேட்டு அவ்வளவு நிம்மதிப்பட்ட குடும்பத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. டாக்டர் பையிலிருந்த சீட்டை அப்போதுதான் கிழித்தார்.

அவர் எத்திராஜை உள்ளே கூட்டிப்போனதும், பாட்டில் விஷயமாக நான் மங்கம்மாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

"நாலு தபா வெந்நி ஊத்திக் கழுவன பாட்டிலுண்ணா அது. எனக்குத் தெரியும். நீ சிரிச்ச, நானும் சிரிச்சேன். ஊட்டுக்குப் போயி அஞ்சாவது தபா கழுவனேன்."

எத்திராஜைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டு விரல் ஒன்று போயிற்று. கால் தங்கியது. கலெக்டர் ஆபீஸ் மூன்று மாதம் அவர் இல்லாமல் நடந்தது. அவர் இல்லாவிட்டால் எல்லையே நின்றுவிடும் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். ஒன்றும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு தினம் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள எங்களிடம் வருவார். ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அங்கேதான் வந்தது வில்லங்கம். சனிக்கிழமை மட்டும் ஊசி வேண்டாம் என்றார். முடியாது என்றார் டாக்டர். அப்படியானால் ஊசி போட்டுக்கொள்கிறேன், சாப்பிட மாட்டேன் என்று வெளியே சொல்லவில்லை. செய்தார். முதல் சனிக்கிழமை சாப்பிட்டதாகச் சொல்லி, காலுக்குக் கட்டு மாற்றக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகக் கிளம்பியவர், பதினோரு மணிக்கு எங்கள் படியிலேயே வேர்த்து, கை நடுங்கி, வார்த்தை குழறிச் சரிந்தார். குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினேன். தெளிந்ததும், உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல், நோன்பு முறிந்துபோச்சே என்று அழுதார். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றேன். "அவர் பாத்துக்குவாரு. எங்கிட்ட இருந்து பொண்ணுக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான் கம்பவுண்டரே" என்றார்.

டாக்டர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. அவர் மங்கம்மாவை வரச் சொல்லி, இருக்கிற நிலைமையை மட்டும் சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று நிச்சயமில்லை என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் ஊசி போட்டேன். மங்கம்மா வராந்தாவில் தூக்கைத் திறந்து இலை போட்டாள். நாலு இட்லி, கொஞ்சம் கொத்துமல்லித் துவையல். அவள் குளித்து, ஈரத் தலையோடு, நெற்றியில் அகலமாகத் திருச்சூர்ணம் இட்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த உதட்டை நான் இந்த முறை பார்த்தேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்கவும் செய்தேன். டாக்டர் அறைக் கதவருகே வந்து நின்றுவிட்டார்.

எத்திராஜ் இலையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் சனிக்கிழமய நான் எடுத்துக்கினேன்" என்றாள் மங்கம்மா. "தலமேல தண்ணி ஊத்திக்கினு பெருமாள் கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். பொண்ணு எனக்கும்தான் பொண்ணு. இனிமே அவரு என்னத்தான் கேப்பாரு, உன்ன இல்ல. துன்னு."

 அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பட்டினியாக இருக்கிறவள் எதிரில் மெல்லுவதற்கு வெட்கம். அவள் ஒவ்வொரு இட்லியாகத் தோளுக்கு மேலே நீட்டினாள். முதல் இட்லியை வாங்கவே அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவதற்கு அவ்வளவு ஆகவில்லை. மூன்றாவதைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நாலாவதற்கு அவரே, திரும்பாமல், கையைப் பின்னால் நீட்டினார்.